சனி பகவானை நேரே பார்த்த மாசி

மாசி 2, சனி

விடியும்போது நல்ல பனி. எட்டு மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று. இடது முட்டி வலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

கொடிக்காலில் இருந்து வெற்றிலை வந்தது கொஞ்சம்தான். உட்கார்ந்து அடுக்கிக் கட்டிவிட்டுக் குளித்தேன். ஈஸ்வரன் கோயில். எள்ளு தீபம். வழக்கம்போலச் சனீஸ்வரருக்கு நேரே நிற்காமல் தூண் ஓரம் ஒதுங்கி, பாதத்தை மட்டும் பார்த்துக் கும்பிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மற்ற சாமிகளிடம் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டு வரலாம். இவரிடம் மட்டும் ஆகாது. போக்குவரத்துப் பேச்சே வைத்துக்கொள்ளக் கூடாது. எட்டு வருஷமாக இப்படித்தான். அவர் முகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மகர ராசி. ஏழரை என்று பேர், எட்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வந்த மறு வருஷம் என் வீட்டுக்காரர் போனார். அப்புறம் முட்டி. அப்புறம் கொடிக்காலில் வாடல் நோய். போகட்டும், இந்த மாசம் 22-ஆம் தேதி பெயர்ச்சி. என்னை விடுகிறார்.

திருக்கணிதப்படி போன வருஷமே விட்டுவிட்டாராம், யாழினி சொல்கிறாள். எங்கள் கோயில் வாக்கியப் பஞ்சாங்கம். கோயில் எப்போது விடச் சொல்கிறதோ அப்போதுதான் விடுவார்.

யாழினி என் தம்பி மகள். சேலத்தில் இயற்பியல் படித்துவிட்டு நாமக்கல்லில் டீச்சர் வேலை. பரமத்தி வேலூரில் இருந்து பஸ் வசதி என்று என்னோடு இருக்கிறாள். சாயங்காலம் வந்ததும் கம்ப்யூட்டர். இன்று டீ கொடுக்கப் போனேன், திரையில் உருண்டையாக ஒன்று, சுற்றிலும் தட்டு மாதிரி வளையம். என்ன கண்ணு இது என்றேன்.

"சனி, அத்தை."

டீயை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். சனிக்கிழமை, அதுவும் நேருக்கு நேர்.

சாமி அறைக்குப் போய் விபூதி வைத்துக்கொண்டேன். அவளுக்கும் கொண்டு போய் வைத்தேன். திரையைப் பார்க்காமல்.

மாசி 4, திங்கள்

நேற்று சிவராத்திரி. கோயிலில் கண் விழித்தது. பகலெல்லாம் தூக்கம், தலை கனம். ரசம் மட்டும் வைத்தேன்.

பொழுதோடு யாழினியிடம் கேட்டே விட்டேன். சனி பகவானுக்குக் கண் எங்கே இருக்கிறது? அவர் பார்வைதானே ஆகாது.

"அதுக்குக் கண்ணு இல்லீங்க அத்தை. பாத்ததெல்லாம் அங்க போன விண்கலந்தான். அது இத்தனை வருசம் சுத்திச் சுத்தி வந்து அவரப் படம் புடிச்சுது."

சுவர் ஓரம் நாற்காலி போட்டு, திரைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான். கழுத்து சுளுக்கிக்கிச்சா அத்தை என்று கேட்டாள். ஓரக்கண்ணால் பார்க்கிறேன் என்று சொல்ல வெட்கம்.

அவள் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதி வைக்கிறேன். ஆளில்லாத கலம். போய்ச் சேரவே ஏழு வருஷம். பதிமூன்று வருஷம் அவரையே சுற்றியது. எண்ணெய் தீர்ந்துபோனதும் அவருக்குள்ளேயே விழுந்துவிட்டது. எந்த வருஷம் என்று கேட்டேன். எனக்கு ஏழரை பிடித்த அதே வருஷம்.

மயிர்க்கூச்செறிந்தது. என்னைப் பிடித்த வருஷம்தான் அதையும் பிடித்திருக்கிறார்.

ஆனால் சும்மா விழவில்லையாம், அனுப்பினவர்களே விழ வைத்தார்களாம். அவருக்கு நிலாக்கள் நிறைய. அதில் ஒன்றில் பனிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. எண்ணெய் இல்லாத கலம் தறிகெட்டுப் போய் அந்தத் தண்ணீரில் விழுந்து அசுத்தம் பண்ணிவிடக் கூடாது, அதனால் பெரியவருக்குள் விட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரர்களும் தீர்த்தத்துக்கு ஆச்சாரம் பார்த்திருக்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

நிலாக்கள் காட்டினாள். பெயர் வாயில் நுழையவில்லை, எனக்குத் தெரிந்தபடி:
தண்ணீர் நிலா. வெள்ளை வெளேர். அடிப்பக்கம் ஆவி பீய்ச்சுகிறது, குக்கர் மாதிரி.
பாதி கருப்பு பாதி வெள்ளை. கருகின தோசை.
ஆரஞ்சு மூட்டம் போட்ட பெரியது. முகமே காட்டவில்லை.
தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒன்று.
பணியாரம். மாவு அதிகமாக ஊற்றினால் குழிக்கு வெளியே வழிந்து இடுப்பைச் சுற்றி விளிம்பு கட்டுமே, அச்சு அப்படியே. சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

சிரிப்பில் நேரே திரும்பிவிட்டேன் போல. சனி எதிரே. ஒன்றும் ஆகவில்லை. அரிசி ஊறப் போட மறந்ததைத் தவிர.

மாசி 6, புதன்

மிக்ஸி கப்ளர் தேய்ந்துவிட்டது. அம்மியில் அரைத்தேன்.

இன்று தெரிந்துகொண்டது: அந்தக் கலம் எடுத்த படமெல்லாம் கருப்பு வெள்ளை. கண்ணாடி மாற்றி மாற்றி மூன்று எடுக்கும். சிவப்புக் கண்ணாடியில் ஒன்று, பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் வைத்தால் நிஜ நிறம் வரும். எடுத்த படங்களை உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து நிறம் சேர்க்கலாம். யாழினி செய்வது அதுதான். இவள் இதில்தான் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாள் என்று இத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.

யார் வேண்டுமானாலும் என்றால், எட்டாவது படித்தவளும் செய்யலாமா என்றேன்.

"அத்தை, பரிச்சை ஒண்ணும் இல்லீங்க. மௌசப் புடிங்க."

மாசி 7, வியாழன்

எலி பிடிக்கவில்லை கைக்கு. நான் இடது பக்கம் போனால் அது வலது பக்கம். பகல் முழுக்க, அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, கம்ப்யூட்டரை எப்படித் திறப்பது என்று அவள் எழுதி ஒட்டிவிட்டுப் போன காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். பூனை வந்து பாலைக் குடித்துவிட்டுப் போயிற்று.

சாயங்காலம் கை வந்துவிட்டது. வெற்றிலை அடுக்குவதுதான் இது. காம்புக்குக் காம்பு, நுனிக்கு நுனி. சிவப்பை விரித்து, அதன்மேல் பச்சையைத் தள்ளி, வளையத்து விளிம்பு ஒட்டும் வரை நகர்த்தி, நீலத்தை மேலே.

ஒட்டிய நேரம் ஒரு மினுக்கு. கருப்பு வெள்ளையில் செத்த மாதிரி கிடந்தது பொன்னாக எழுந்தது. பசு நெய் உருக்கி ஊற்றினது போல. வளையத்தின் நிழல் அவர் மேனியில் கோடு கோடாக. அவர் நிழல் வளையத்தின் மேல் கருப்பாக, பின்னால்.

நான் நேரே பார்த்தபடி இருந்தேன். கண் நிறைந்துவிட்டது.

இவருக்குப் பயந்தா எட்டு வருஷம் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

மாசி 8, வெள்ளி

வேண்டுதல். இன்று விளக்கு வைக்கும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பெயர்ச்சி அன்று, என்னை விட்டுப் போகும் முன், அவர் சன்னதியில் என் கையால் செய்த அவர் படத்தை ஏற்றுவேன். ஊரும் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அவருக்கு எதிரே, நடுவில், நேராக நிற்பேன்.

சொன்னது சொன்னதுதான். சாமியிடம் சொல்லிவிட்டு மாற்ற முடியாது. அதிலும் இவரிடம்.

யாழினியிடம் சொன்னேன். நம்ம ஊருக் கோயில்ல இதை மாட்ட உடுவாங்களா அத்தை என்று கேட்டாள். அதைப் பார்க்கலாம், முதலில் படம் நேராகட்டும் என்றேன்.

மாசி 10, ஞாயிறு

காலை முதல் ஒரே தகராறு, ஒரு நிலாவோடு.

படத்தில் அவர் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி. அதுதான் அந்தத் தண்ணீர் நிலா. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அது நகர்ந்திருக்கிறது. அவரைச் சரியாக அடுக்கினால் அது மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, நீலம் ஒன்று, தேர்க்கடைச் சீரியல் லைட்டு மாதிரி. அதைச் சேர்த்தால் பெரியவர் கலைகிறார்.

அப்படியே விட்டுவிடலாம், நிறையப் பேர் விடுகிறார்கள் என்றாள் யாழினி. பிள்ளையை மூன்று துண்டாக விட்டுவிட்டு அப்பனை மட்டும் அலங்காரம் பண்ணுவதா. ஆகாது என்றேன். சரி என்று வழி சொல்லிக் கொடுத்தாள். நிலாவைத் தனியே வெட்டி எடுத்து, அதை மட்டும் மறுபடி அடுக்கி, பழைய இடத்தில் வைக்க வேண்டும். மதியச் சோறு ஆறிப்போயிற்று. கத்தரிக்காய் அடிப்பிடித்தது. மூன்று புள்ளியும் ஒரு வெள்ளைப் புள்ளி ஆனபோது நான் கை தட்டினேன். பக்கத்து ஊட்டு நாய்க்குட்டி பயந்து குரைத்தது.

முடிந்தது. என் கையால். எள்ளு முனை மாதிரி வெள்ளையாக அந்த நிலா.

மாசி 12, செவ்வாய்

கோயில் தர்மகர்த்தா என் மச்சாண்டார், வீட்டுக்காரருக்கு அண்ணன். நான் அவரிடம் நேரில் பேசுவதில்லை, எங்கள் பக்கம் வழக்கம் அது. கல்யாணம் ஆகி வந்த நாள் முதல் அவர் வந்தால் கதவுக்குப் பின்னால். எதுவாக இருந்தாலும் ஓரகத்தி சரசக்கா மூலமாகத்தான் போகும், வரும்.

சரசக்கா ஊட்டுக்குப் படத்தை யாழினி போனில் ஏற்றிக்கொண்டு போனேன். முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

"ஏழரை உன்னைய உட்டாலும் நீ அவர உடமாட்டயாட்டிருக்குது."

அதற்கு நான் கலத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். நேராப் பார்த்ததுதானே, அதனாலதான் உழுந்து செத்துப்போச்சு என்றாள். விழவில்லை, தீர்த்தம் கெடாமல் இருக்க விட்டார்கள் என்று விளக்கி வாய் வலித்தது. நான்கு முறுக்குத் தின்றேன். உப்பு அதிகம், சொல்லவில்லை.

சாயங்காலம் பதில் வந்துவிட்டது. அவளே வந்து சொன்னாள். மச்சாண்டார் படத்தைப் பார்த்தாராம். சனி பகவான் நீலம், மஞ்சள் குருவுக்கு உண்டான நிறம், சனி சன்னதியில் குரு படத்தை மாட்டினால் ஊர் சிரிக்கும், வேண்டாம் என்றாராம்.

இரண்டு தோசைக்கு மேல் இறங்கவில்லை. வேண்டிக்கொண்டாயிற்றே. பத்து நாள் இருக்கிறது.

யாழினி அவளுக்குத் தெரிந்த நியாயம் சொன்னாள், மேகம், வாயு என்று. இந்த ஊரில் அது எடுபடாது. அவர் சொல்வது சாஸ்திரம். எனக்கே நீலம்தானே தெரியும், எட்டு வருஷமாக நீலத் துணிதானே வாங்கிச் சாத்துகிறேன்.

மாசி 14, வியாழன்

வேகாத வெயில், மாசியிலேயே. வெற்றிலைக்குத் தண்ணீர் கட்டினார்கள்.

மனசு சரியில்லை. கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. யாழினி அவளாகப் பணியார நிலாவை எடுத்துக் காட்டினாள். சிரிப்பு வரவில்லை.

கப்ளர் வாங்கியாயிற்று. தைலம் மறந்துவிட்டது.

மாசி 16, சனி

பெயர்ச்சிக்கு முந்தின சனிக்கிழமை. கோயிலில் கூட்டம். சனீஸ்வரருக்கு அபிஷேகம். நான் வழக்கம்போலத் தூண் ஓரம். மச்சாண்டார் முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

குருக்கள் நீலத் துணியைக் களைந்தார். நல்லெண்ணெய் ஊற்றினார். பால். அப்புறம் மஞ்சள். அப்புறம் சந்தனத்தைக் குழைத்து மேனி முழுக்கப் பூசினார். பூசிவிட்டு விலகினார், திரை விலகியது, தீபம் காட்டினார்.

பொன். அதே பொன். என் படத்தில் இருக்கிற அதே மேனி. தீபம் பின்னால் போகும்போது ஒரு பக்கம் நிழல் விழுந்தது, அதுகூட அப்படியே.

தூணை விட்டு இரண்டு எட்டு முன்னே வந்துவிட்டேன். சரசக்கா கையைப் பிடித்து இழுத்தாள். அவளிடம்தான் சொன்னேன், ஆனால் சன்னதி முழுக்கக் கேட்கிற மாதிரி.

"அக்கா, நீலம் நம்ம கட்டி உடற துணிதானுங்க. துணியக் கழட்டிட்டா மேனி என்ன நெறம்னு இப்பப் பாத்துக்கோங்க."

மச்சாண்டார் திரும்பவில்லை. ஆனால் காது சிவந்தது தெரிந்தது. குருக்கள் தீபத்தை இன்னொரு சுற்றுக் காட்டினார்.

சபையில் இப்படிப் பேசியதே இல்லை. வீட்டுக்காரர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார். சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பொழுதோடு சரசக்கா வந்தாள். மூச்சு வாங்க. "மாட்டிக்கச் சொல்லிட்டாருங்கறேன். 'அளவு மட்டும் தூணுக்குள்ள அடங்கோணும்'னாரு."

சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். முந்திரி இல்லை, நிலக்கடலை போட்டேன். யாழினி எனக்கு ஊட்டிவிட்டாள்.

மாசி 18, திங்கள்

சந்தோஷப்பட்ட வாய்க்குள் மண்.

நாமக்கல் ஃப்ளெக்ஸ் கடையில் சனிக்கிழமையே யாழினி படத்தைப் போனில் அனுப்பியிருந்தாள். இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சுருளாக வாங்கி வந்தாள். கூடத்தில் விரித்தோம்.

கருநீலம். மேனி முழுக்க. ஓரத்தில் ஒரு காக்காய் வேறு, பறக்கிறது. என் நிலா இல்லை.

யாழினி அழுதேவிட்டாள். கடைக்குப் போன் பண்ணினாள், நான் வாங்கிப் பேசினேன். கடைக்காரத் தம்பி பயபக்தியான பையன் போல, குரலிலேயே விபூதி மணந்தது.

"சனி பகவான் நீலமுங்கம்மா. படம் மஞ்சளா வந்திருந்துச்சு, கலர் ஏதோ தப்பாயிருச்சாட்ட இருக்குதுன்னு நானே சரி பண்ணிப் போட்டுட்டனுங்க. வாகனம் இல்லாம இருந்தாரு, சேத்துட்டேன். அந்தப் புள்ளி தூசிங்கம்மா, தொடச்சுட்டேன்."

தூசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோறு தண்ணி இல்லாமல் நான் ஒட்டவைத்த நிலா.

திட்டத் தோன்றவில்லை. இருபது நாள் முன்னால் என்னிடம் வந்திருந்தால் நானும் நீலம்தான் பூசச் சொல்லியிருப்பேன். நாளைக்கு நேரில் வாரேன் தம்பி என்று மட்டும் சொன்னேன். நாளைக்குக் கிரகணம். மதியத்தோடு நடை சாத்துகிறார்கள். அதற்குள் ஊடு வந்துவிட வேண்டும்.

மாசி 19, செவ்வாய்

முதல் பஸ். நாமக்கல். யாழினிக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும். கையில் பென் டிரைவ், புடவை முந்தானையில் முடிந்து. கண்டக்டர் பையன் இறங்கும்போது, "அம்மா, பாத்து எறங்குங்க, முட்டியா?" என்றான். மகராசனாக இருக்கட்டும்.

கடை திறக்கும் முன் நான் வாசலில். தம்பி வந்ததும் பென் டிரைவைக் கொடுத்து, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அவன் திரையில் படம் வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தான். பாவம், அவனும் அப்படித்தான்.

சந்தனக் காப்பைச் சொன்னேன். கலத்தைச் சொன்னேன். மூன்று கண்ணாடியைச் சொன்னேன். அவனுக்கு அது உடனே விளங்கிவிட்டது, அவன் மிஷினிலும் மையெல்லாம் தனித்தனியாகத்தான் இருக்கிறதாம், சேர்ந்தால்தான் நிறமாம். அப்புறம் அந்தப் புள்ளியைக் காட்டி, இது தூசி இல்லை சாமி, இதற்குள் தண்ணீர் இருக்கிறது என்றேன். கிட்டப் போய்ப் பார்த்தான். பெரிசாக்கிப் பார்த்தான். நேராக.

"இதுக்குள்ளயாங்கம்மா?"

மறுபடி ஓட்டினான். மிஷின் குறுக்கும் நெடுக்குமாகப் போகப் போக, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தார். முதலில் கருப்பு வானம். வளையத்தின் விளிம்பு. நெற்றி. நின்றுகொண்டே பார்த்தேன், முட்டி நினைவே இல்லை.

காக்காய்? அதை எடுக்க மனசில்லை அவனுக்கு. வாகனம் இல்லாமல் எப்படி என்று கையைப் பிசைந்தான். வாகனமாகத்தான் அந்தக் கலம் போயிருக்கிறதே, அவருக்குள்ளேயே ஐக்கியமாகிவிட்டது என்றேன். ஒத்துக்கொண்டான். வரும்போது கையெடுத்துக் கும்பிட்டான், என்னையா சுருளையா தெரியவில்லை.

கிரகணத்துக்கு முன் ஊடு. தர்ப்பைப் புல் தண்ணீர்க் குடத்தில், மாவு டப்பாவில், கம்ப்யூட்டர் மேலும் ஒன்று. யாழினி வந்து பார்த்துச் சிரித்தாள், எடுக்கவில்லை. கிரகணம் விட்டதும் தலைக்குக் குளித்தேன்.

மாசி 21, வியாழன்

மாட்டியாயிற்று. தூணுக்குத் தூண் அடங்கிவிட்டது. மச்சாண்டார் ஆள் விட்டுக் கயிறு கட்டினார். நான் கிட்டப் போகவில்லை, நாளைக்குத்தான்.

வானத்தில் பார்க்கலாமா என்று கேட்டேன். இப்போது சூரியனுக்குப் பக்கத்தில் போய்விட்டாராம், கண்ணுக்கு அகப்படமாட்டாராம். பரவாயில்லை. நம்மிடம் இருக்கிறார்.

பட்டு வேண்டாம். வீட்டுக்காரர் கடைசியாக வாங்கிக் கொடுத்த நீலப் பருத்திச் சேலை. இஸ்திரி போட்டேன்.

தைலம் இன்றும் மறந்துவிட்டது.

மாசி 22, வெள்ளி

காலையில் மேகம். கோயில் போய்ச் சேர்ந்தபோது வெளுத்துவிட்டது.

கூட்டம் வாசல் வரை. உள்ளே என் படம். வந்தவர்கள் எல்லோரும் என்ன செய்தார்கள் தெரியுமா, வரிசையாக நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து போனார்கள். நேரே ஒருத்தரும் இல்லை. படத்துக்கு முன்னால் நடுவில் வட்டமாகக் காலி இடம். கழுத்தை ஒடித்து ஓரக்கண்ணால் ஒரு பார்வை, கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓட்டம். சரசக்கா என் முதுகுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தாள்.

யாழினி என்னைப் பார்த்தாள். நான் போனேன். அந்தக் காலி இடத்தின் நடுவில், அவருக்கு நேர் எதிரே நின்றேன். முகத்தைப் பார்த்தேன். நல்ல முகம். கோபமே இல்லை. எத்தனை பெரிய ஆள், எத்தனை பிள்ளைகள், எத்தனை அமைதி. எட்டு வருஷத்தையும் அங்கேயே இறக்கி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் வந்து நின்றது. மச்சாண்டார். நேராகத்தான் நின்றார். கதவும் இல்லை, சரசக்காவும் நடுவில் இல்லை. ஒதுங்கலாமா என்று நினைப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"ஏம் அம்மிணி, அந்த வெள்ளைப் புள்ளி என்னது?"

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு. பதில் சொன்னேன், நேராக.

"நெலாங்க மாமா. அதுக்குள்ள தண்ணி இருக்குதுங்க."

"தண்ணியா." கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். "நீதான் சேத்தியாமா?"

"ஆமாங்க."

தலையை ஆட்டினார். அப்புறம் திரும்பி, நகர்ந்துகொண்டிருந்த வரிசையைப் பார்த்து, "ஏனுங்க, நேரா வந்து பாருங்க, ஒண்ணும் பண்ணாது. நம்ம ஊட்டு அம்மிணி பண்ணுனது" என்றார். தர்மகர்த்தா சொன்ன பிறகு மறுபேச்சு உண்டா. காலி இடம் நிரம்பிவிட்டது. குழந்தைகளைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். ஒரு பொடிசு பணியாரம் எங்கே என்று கேட்டது. யாழினி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பாள் போல.

பெயர்ச்சி நேரம். மணி அடித்தது, கற்பூரம், எல்லோரும் வாய் மூடிக் கண் மூடி. அந்த அமைதியில் கும்பிட்ட கையோடு, ஊட்டுக்கு வந்த ஒறம்பரையை வாசல் வரை வந்து வழியனுப்புகிற பழக்கத்தில், என் வாய் தன்னால் சொல்லிவிட்டது.

"போயிட்டு வாங்க சாமி."

சன்னதி முழுக்கக் கேட்டது. குருக்கள் கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். சரசக்கா இடுப்பில் கிள்ளியது இப்போதும் எரிகிறது. "போறவர மறுக்கா வரச் சொல்லிட்டாளே இவ" என்று முனகினாள். முதலில் சிரித்தது மச்சாண்டார். அப்புறம் கோயிலே சிரித்தது.

வரும் வழியில் யாழினி கணக்குப் போட்டுச் சொன்னாள். மறுபடி என்னைப் பிடிக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகுமாம். எண்பதை நெருங்கியிருப்பேன்.

வரட்டும். முகம் தெரிந்தவர்தானே.